நாலுவழிச்சாலை கணக்கில் இல்லை

முதல் விதியை ஜெபக்கனிதான் சொன்னாள்:
நாலுவழிச்சாலையைக் குறுக்கே கடக்கலாம்,
அதில் நூறடிகூட ஓடக்கூடாது.

ராத்திரி ஷிஃப்ட்டின் கடைசி மணிநேரம்.
பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி.
ரத்த மாதிரிகளைத் தள்ளி வைத்துவிட்டு
ஒரு எக்ஸ்ரே கவரின் முதுகில் வரைபடம்.
கோடு இழுப்பது நான், கூட்டல் மைதீன்.
லிட்டருக்கு நாற்பத்தைந்து ஓடும் என்றால்
நாற்பது என்றே எழுதுவான்.
"வண்டி பொய் சொல்லாது, நாமதான் சொல்லுவோம்."

மாதத்தில் பிடித்தது சண்டை.
ஆடியில் போவோம் என்றான்.
பணகுடிப் பக்கம் காற்று தோளைப் பிடித்துத் தள்ளுமாம்,
நேர் ரோட்டிலேயே சாய்ந்து ஓட்டலாமாம்,
வளைவைத் தேடி அலைய வேண்டாமாம்.
"சாய்ஞ்சே போய் ஓடையில கெடப்ப" என்றாள் ஜெபக்கனி.
எனக்குக் கார்த்திகை முடிந்தால் போதும்.
குளம் நிறைந்திருக்கும்.
கரையைச் சுற்றித்தான் ரோடு போயாக வேண்டும்.
இந்தப் பக்கம் வளைவு போட்டது
இன்ஜினியர் இல்லை,
தண்ணீர்.

முப்பத்தொன்பது வயதில் கியர் பழகினேன்,
பெருமாள்புரத்தில், ஞாயிறு காலை ஐந்தரைக்கு,
கிரிக்கெட் பையன்கள் மைதானத்தைப் பிடிக்கும் முன்.
இரண்டாவது கியருக்கு முன்பே
அணைந்து அணைந்து நின்றது வண்டி.
"கிளச்சப் பைய விடுங்கக்கா, கோவத்துல விடாதீய"
என்று சொல்லிக்கொண்டே போனான் ஒரு பால்காரன்,
நிற்காமல்.
அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று
இன்றுவரை யோசிக்கிறேன்.

பத்தமடையில் டீ.
சேரன்மாதேவியில் இடதுபக்கம் திரும்பினால்
மலை வலதுபக்கத்துக்கு வந்துவிடும்,
களக்காடு வரை கூடவே வரும்.
முதல் ராத்திரி அங்கே, ஜெபக்கனியின் மதினி வீட்டில்.
மீன் குழம்பு உறுதி.
மறுநாள் திருக்குறுங்குடி, ஏர்வாடி,
வள்ளியூரில் நாலுவழிச்சாலையைக் கடந்து
(கண்ணை மூடிக்கொண்டு, என்றான் மைதீன்)
ராதாபுரம், உவரி, கடல்.
திரும்பும்போது திசையன்விளை, இட்டமொழி,
கூந்தன்குளத்தில் பறவை வந்திருந்தால் பறவை,
வராவிட்டால் குளம்.

கூட்டினால் இருநூற்றுப் பத்துக் கிலோமீட்டர்.

"இதுக்கு மூணு நாளா?" என்றார் பிரம்மநாயகம் சார்,
லீவு லெட்டரைத் தூரத்தில் பிடித்து.
"பஸ்ல ஏறினா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்லா."
ஆமாம் சார் என்றேன்.
காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதியிருந்தேன்.
பொய் என்று தோன்றவில்லை.

இந்த இடத்தில்தான் கவர் காணாமல் போனது.
மேஜையைத் துடைத்த யாரோ
எங்கள் மூன்று நாளுக்குள் யாருடைய எலும்பையோ செருகி
வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.
மைதீன் மாடி மாடியாக ஏறி இறங்கினான்.
இரண்டு நாள் நாங்கள் மூவரும்
அதைப் பற்றிப் பேசவில்லை,
தொலைந்தது காகிதம்தான் என்று தெரிந்தும்.

வியாழக்கிழமை தானாகவே திரும்பி வந்தது.
ஓரத்தில் காப்பிக் கறை.
உள்ளே ஒரு காறை எலும்பு, இரண்டாக.
வெளியே, எங்கள் பென்சில் கோட்டின் மேல்,
பத்மனேரிக்குச் சற்று முன்னால்
நீல மையில் ஒரு புதுக் கிளை.
இடதுகையால் எழுதியது போன்ற எழுத்து:
'இப்படிப் போங்க. கரை மேலயே வழி உண்டு.
மறுகால் பாஞ்சா எறங்கித் தள்ளணும்.'
பெயர் இல்லை.

எலும்பு வார்டுக்கு ஓடினேன்.
காலையிலேயே டிஸ்சார்ஜ் ஆகியிருந்தது கட்டில்,
விரிப்பைக்கூட மாற்றிவிட்டார்கள்.

மைதீன் பழைய தொகையை அடித்தான்.
இருநூற்று இருபத்து நான்கு.
ஜெபக்கனி சாமான் பட்டியலில் ஒரு வரி சேர்த்தாள்:
நனைந்தால் பரவாயில்லாத செருப்பு.